சொல்லி அனுப்புறோம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பேறித்தனம் காரணமில்லை. "வேலை என்னடா ஆச்சு?" என்று கேட்டிருந்தாய். ஏதாவது ஆகட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சரி, அதையே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஃபவுண்டரியை மூடி ஆறு மாதம். செட்டில்மென்ட்டைச் சரியாகக் கொடுத்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. இதுவரை 43 இடங்களுக்கு ரெஸ்யூம் போயிருக்கிறது. ஐந்து இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். அதில் இரண்டு பேர் "வேற ஆளை எடுத்துட்டோம் சார்" என்றார்கள். மற்ற இடங்களிலிருந்து மூச்சே இல்லை.

இல்லை என்று சொல்வது பரவாயில்லைடா. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் டீ குடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இது அப்படி இல்லை. குளிக்கப் போனாலும் போனைச் சோப்பு டப்பா பக்கத்தில் வைக்கிறேன். போன வாரம் தலை நிறைய சீயக்காய், தெரியாத நம்பர். கண் எரிய எரிய எடுத்தால், "சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்கிறது ஒரு பெண் குரல். வேலை இல்லாதவனுக்குக் கடன் கொடுக்க மட்டும் ஆள் இருக்கிறது, பாரேன்.

பாலிடெக்னிக் முடித்த வருடம் நினைவிருக்கிறதா? வேலை விளம்பரம் வருகிற புதன்கிழமை லைப்ரரியில் ஹிந்து பேப்பருக்கு அடிதடி. விண்ணப்பத்தோடு நம் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரையும் வைத்து அனுப்புவோம். உனக்கு ஒரு மில்லிலிருந்து 'வருந்துகிறோம்' என்று டைப் அடித்து, நீ அனுப்பிய கவரிலேயே திரும்பி வந்தது. உன் கையெழுத்தில் உனக்கே வந்த கடிதம் என்று ஹாஸ்டலே சிரித்தது. இன்றைக்கு அதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

மச்சினன் கனடாவில் ஒன்டாரியோவிலிருந்து பேசும்போது ஒன்று சொன்னான். அங்கே 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், விளம்பரம் செய்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவரிடம் 45 நாளுக்குள் தகவல் சொல்லியாக வேண்டுமாம். விண்ணப்பத்தோடு நின்றவனுக்கு அங்கேயும் ஒன்றும் கிடையாது. இங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஐ. மனு போட்டால் 30 நாளில் அரசாங்கமே பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கம்பெனிக்காரனை யார் கேட்பது?

அதனால் கெடுவை நானே வைத்துக்கொண்டேன். பையனின் பழைய கணக்கு நோட்டில் கம்பெனி பெயர், அனுப்பிய தேதி. பத்தாம் நாள் ஒரே ஒரு போன். "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்பார்கள், சரி என்று வைத்துவிடுவேன். 21 நாள் ஆனால் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. 'காரணம்' என்று ஒரு கட்டமும் முதலில் போட்டிருந்தேன். வயசா, சம்பளமா, இங்கிலீஷா என்று நானே எழுதி நிரப்பி, நானே நொந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். மெயிலைக் காலை பத்துக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை பார்ப்பதோடு சரி. நேற்று மட்டும் எட்டு தடவை பார்த்தேன், அது வேறு கதை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் மேஜையின் கீழ் டிராயரிலும் ஒரு காலத்தில் பயோடேட்டாக்கள் கிடந்தன. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பையன் டிரெய்னி வேலைக்காக மூன்று தடவை பஸ் ஏறி வந்தான். வரும்போதெல்லாம் ஃபைலை மஞ்சப்பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருப்பான். முதலாளிக்குத் தெரிந்த ஆளுக்கு அந்த வேலை போய்விட்டது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். மூன்று தடவையும் "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றுதான் சொன்னேன். கெட்ட எண்ணம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். போன மாதம் பழைய டைரியில் அவன் நம்பர் கிடைத்தது. கூப்பிட்டேன். ஓசூரில் சூப்பர்வைசராக இருக்கிறான். நான் கம்பெனி பெயரைச் சொல்லி விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞாபகம் இல்லையே சார், அப்ப நிறைய இடம் போனேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் மேலே பேச்சு வரவில்லை.

வியாழக்கிழமை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது. அது எப்படிப் போனாலும் அடுத்த சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன். பழனி வழியாகப் போகிற ரயிலில்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதாக எழுதியிருந்தாயே, இப்போது சொட்டு மருந்து யார் போடுகிறார்கள்? ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
செல்வம்