டானர் கணவாய்ச் சுரங்கம்: கலிபோர்னியாவின் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பே ஏரியாவிலும் சாக்ரமெண்டோவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பனிக்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாக டாஹோ ஏரிப் பக்கம் கிளம்பிவிடுகிறோம். போகிற வழியில், டிரக்கி ஊருக்கு மேற்கே, டானர் கணவாயின் பழைய நெடுஞ்சாலை 40-ஐ ஒட்டி, ரயில் ஓடாத ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. ஆறாம் எண் சுரங்கம் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் ரயில்பாதையை மேற்கிலிருந்து போட்டுவந்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்கு, சியரா நெவாடா மலைதான் பெருந்தடை. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1,659 அடி நீளத்துக்குக் கருங்கல்லைக் குடைய வேண்டியிருந்தது. குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள்; பெரும்பாலோர் குவாங்டாங் பகுதிக்காரர்கள். ஒருவர் உளியைப் பிடித்து ஒவ்வோர் அடிக்கும் சற்றே திருப்பிக்கொடுக்க, இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். துளை ஆழமானதும் வெடிமருந்தைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். இரவு பகலாக அடித்தும் ஒரு முகப்பில் நாளுக்கு ஓரடி சொச்சம்தான் நகர்ந்தது. அதனால் மலையின் நடுவே மேலிருந்து கிணறுபோல் ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் குடைந்தார்கள். ஆக, ஒரே நேரத்தில் நான்கு முனைகளில் வேலை. 1867-இல் நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவத்தை மலைமேலேயே தயாரித்து வெடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே திரவம் சான் பிரான்சிஸ்கோவில் வெடித்துப் பலரைக் கொன்றிருந்தது. 1867 ஆகஸ்டில் முனைகள் சந்தித்தபோது அளவு பிசகியது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு.

இடையில் வந்த 1866–67 பனிக்காலம் கொடூரமானது. கூடாரங்கள் பனிக்குள் புதைந்துபோக, பனிக்கடியிலேயே வழி தோண்டி வேலைக்குப் போய்வந்தார்கள். பனிச்சரிவில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கம்பெனி கணக்கு வைக்கவில்லை. சம்பளப் பேரேட்டிலும் பெரும்பாலும் கங்காணியின் பெயர்தான். அவருக்குக் கீழே உழைத்தவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் எழுதிய ஒரு கடிதமோ நாட்குறிப்போ ஆய்வாளர்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் கூலிகளாகப் போன நம் முன்னோரை நினைத்தால் இது நமக்குப் புரியாத கதையல்ல.

இந்த வரலாற்றில் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது 1867 ஜூன் மாத வேலைநிறுத்தம் என்பேன். மாதம் 40 டாலர் சம்பளம், சுரங்கத்துக்குள் வேலை நேரக் குறைப்பு என்று கேட்டு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் ஒரே நாளில் கருவிகளைக் கீழே வைத்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. இவர்களோ அரிசியும் தேயிலையும் தங்கள் காசில்தான் வாங்க வேண்டும். கட்டுமானத்தை நடத்திய சார்லஸ் குரோக்கர் முகாம்களுக்குப் போகும் உணவை நிறுத்தினார். சுற்றிலும் மலை, கையில் தானியம் இல்லை. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. வாயில்லாமல் உழைத்துச் செத்தவர்கள் என்றே இவர்களைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். கேட்டார்கள், கூட்டாகக் கேட்டார்கள் என்பது நம் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டும்.

பாதை முடிந்தது 1869-இல். 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் வந்தது. அதே கதவு 1917-இல் இந்தியர்களுக்கும் அடைக்கப்பட்டது. 1943-இல் சீனருக்கும் 1946-இல் இந்தியருக்கும் ஆண்டுக்கு நூறு பேர் அளவுக்குத் திறந்தார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் இங்கே பெரும் எண்ணிக்கையில் வர முடிந்தது. விசா, கிரீன் கார்டு என்று வீட்டில் நாம் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்ச்சி தெரிந்திருக்க வேண்டும்.

1993-இல் ரயில்களைப் பக்கத்திலுள்ள வேறொரு சுரங்கத்தின் வழியே திருப்பிவிட்டு, இங்கிருந்த தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது சுவரெல்லாம் ஸ்பிரே பெயிண்ட். உளி பட்ட தடம் பல இடங்களில் வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. 2021-இல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, ஆறாம், ஏழாம் சுரங்கங்களையும் தொழிலாளர் முகாம் இருந்த இடத்தையும் மிகவும் ஆபத்திலிருக்கும் பதினொரு இடங்களில் சேர்த்தது.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மேல் வகுப்புகளில் ஒரு நாள் பாடத்தை இதற்கு ஒதுக்குங்கள். இந்த இடத்தைக் காப்பாற்றச் சொல்லி, பிள்ளைகளைத் தங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள். கோடையில் ஒரு சுற்றுலா வையுங்கள். சுரங்கம் ரயில் கம்பெனியின் சொத்து. உள்ளே அழைத்துப்போவதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். அது கிடைக்காவிட்டாலும், சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அந்தத் தொழிலாளர்கள் அடுக்கிய ‘சீனச் சுவர்’ சாலையிலிருந்தே தெரியும். ஆகஸ்டில் போனால் பனி கரைந்திருக்கும்.