சம்ப் பேக்கிங்: மூன்று பெட்டிகளும் தவறு

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மாரிஸ் மைனர் காரின் ஆயில் சம்ப் பேக்கிங் செட் மூன்று முறையும் தவறாக வந்தது, இழப்பீடு கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கை மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது." பதிவு செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளவா நான் எழுதினேன்? அதனால் இந்த முறை தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

அந்த செட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் விற்கும் பொருள். இருந்தாலும் சொல்கிறேன்: எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தகட்டுத் தொட்டிதான் சம்ப், அதன் விளிம்பில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க வைப்பதுதான் பேக்கிங். சம்பின் இரண்டு பக்கங்களுக்கும் ஒவ்வொரு பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் பேரிங் (எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் பாகம்) மூடிகளை ஒட்டி வளைந்து உட்கார இரண்டு கார்க் பட்டைகள். நான்கும் இருந்தால்தான் செட். இதை உங்கள் தொலைபேசிப் பிரிவில் இருப்பவருக்கு நான் பாடமாக நடத்த வேண்டியிருந்தது என்பதுதான் என் முதல் வருத்தம்.

முதல் பெட்டியில் நான்கு துண்டுகளும் இருந்தன. ஆனால் கார்க் பட்டைகள் எத்தனை காலம் கிடங்கில் கிடந்தனவோ, காய்ந்து சுருங்கி, வளைத்தாலே விளிம்பு உதிர்ந்தது. என் மெக்கானிக் அனுபவசாலி. கார்க் காய்ந்தால் சுருங்கும் என்று தெரிந்தவர் என்பதால் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். கொஞ்சம் விரிந்தது, போதவில்லை. பட்டையின் முனை சம்ப் விளிம்பைவிடச் சற்றுத் தூக்கலாக நின்றால்தான் ஏற்றி இறுக்கும்போது அழுந்திப் பக்கத்துப் பேக்கிங்கோடு சேரும். எங்களுக்கு முன்மூலையில் நகக்கண் அளவு இடைவெளி இருந்தது. பெட்டியின் மேல் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்ததே, அதை நம்பி, மூலையில் சீலண்ட் பசை வைத்து ஏற்றினோம். மூன்றாம் நாள் காலை வண்டிக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்.

இதற்குத்தான் உங்கள் ஊழியர் எனக்குச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அறுபது வருடத்துப் பழைய வண்டி ஒழுகத்தான் செய்யும். ஒழுகாவிட்டால்தான் அதிசயம். போல்ட்டை இன்னும் நன்றாக இறுக்குங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த யாரோ சேர்ந்து சிரித்ததும் என் காதில் விழுந்தது. நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

போல்ட்டை இறுக்குவதா? பேக்கிங் விற்கும் நிறுவனம் சொல்லும் பேச்சா இது? அந்த எஞ்சினின் சம்ப் போல்ட்டுகளுக்கு வேண்டியது வெறும் 6 அடி-பவுண்டு இறுக்கம். அதற்கு மேல் போனால் கார்க் நசுங்கிப் பிதுங்கும். சம்பின் தகட்டு விளிம்பு போல்ட் துளைகளைச் சுற்றி மேலே குழிந்துகொள்ளும். பிறகு எந்தப் பேக்கிங்கைப் போட்டாலும் துளைக்கும் துளைக்கும் நடுவே எண்ணெய் வழியும். முன்பு யாரோ அப்படி இறுக்கிவைத்திருந்த விளிம்பை, அடியில் மரக்கட்டை கொடுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, சமமான கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்து, அரை நாள் செலவழித்து நேராக்கியிருந்தோம். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

கிராங்க் என்ற சுழல்தண்டின் பின்பக்கத்திலிருந்து வரும் எண்ணெயாக இருக்கலாம் என்று இன்னொருவர் மின்னஞ்சலில் எழுதினார். அவராவது மரியாதையாக எழுதினார், நன்றி. ஆனால் அதையும் பார்த்துவிட்டோம். அந்த எஞ்சினில் பின்பக்கம் இப்போதைய வண்டிகளில் உள்ளதுபோன்ற ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் மரைதான் உண்டு என்பது எனக்கும் தெரியும். அங்கே கசிந்தால் கிளட்ச் கூட்டின் அடியில் பிளவு ஊசி (ஸ்பிளிட் பின்) தொங்கும் துளை வழியாகச் சொட்டும். அந்தத் துளை காய்ந்து கிடந்தது. சம்ப் முழுவதையும் துடைத்து, விளிம்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் முன்மூலையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு மெல்ல இறங்கியது. உங்கள் பட்டை எந்த இடத்தில் குறைந்ததோ சரியாக அந்த இடம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எஞ்சினின் மூச்சுக் குழாய் அடைத்து அழுத்தம் ஏறியதா என்றும் பார்த்தோம். அடைப்பு இல்லை.

இரண்டாவது பெட்டியைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. மேலே மைனர் என்று ஒட்டியிருந்தது, உள்ளே இருந்தது மினி காரின் செட். கேட்டால், "இரண்டும் ஏ-சீரிஸ் எஞ்சின்தானே, பொருந்தும்" என்று பதில். ஐயா, 1959இல் வந்த மினியில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, அதன் அடியிலேயே கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். மைனருக்கு இருப்பதுபோலத் தனித் தகட்டுச் சம்ப் அதற்குக் கிடையவே கிடையாது. என்னுடையது 1958ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி. வாங்கும்போதே எழுதிக் கொடுத்தேன். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே கையில் கிடைத்ததை அனுப்பினீர்கள் என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டியையும் என் சம்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். துளைக்கு மேல் துளை வைத்துக் காட்டினால் குழந்தைக்குக்கூடப் புரியுமே என்ற நம்பிக்கை. சம்பைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு, பஸ்ஸில் நான்கு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு கழுவியும் மடிப்புக்குள் இருந்த எண்ணெய் தாளை நனைத்து என் வேட்டியில் இறங்கிவிட்டது. காலை 10 மணிக்கு உட்கார்ந்தேன். பகல் 1.30க்கு, "சாப்பாட்டு நேரம், மூன்று மணிக்கு வாருங்கள்" என்றார்கள். மூன்று மணிக்கு, "இணையத்தில் வாங்கியதை இங்கே பார்க்க மாட்டோம்" என்றார்கள். அதைக் காலையிலேயே சொன்னால் என்ன? அந்தச் சம்பை ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை. மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு இரவு வீடு போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு நாளுக்கு நீங்கள் எத்தனை கோடி கொடுத்தாலும் ஈடாகாது.

மூன்றாவது பெட்டி போன வாரம் வந்தது. பக்கப் பேக்கிங்குகள் சரியாக இருக்கின்றன. கார்க் பட்டைகள் இரண்டும் இல்லை.

ஒரு விஷயம் விட்டுப்போனது. முதல் முறை ஒழுகிய பிறகு சம்பை மறுபடி இறக்கினோம். ஊற்றியிருந்த 3.5 லிட்டருக்கும் மேலான புது எண்ணெய் வீண். ஒட்டிய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்க ஒரு நாள், மெக்கானிக்கின் கூலி இரண்டு முறை. மூன்று மாதமாக வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. 25 ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் வண்டி, ஒரு வாரம்கூட ஓடாமல் நின்றதில்லை. அது இப்படி வயிறு திறந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறக்கமே போய்விட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய நஷ்டம் யாராலும் எனக்கு வந்ததில்லை.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. பழைய வண்டிகளுக்குப் பாகம் விற்பவர்கள் குறைவு, நீங்கள் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் இன்றும் விரும்புகிறேன். ஆகவே பணிவோடு கேட்கிறேன்: புதிதாக வெட்டிய, காயாத கார்க் பட்டைகளோடு முழு செட் ஒன்றை அனுப்புங்கள். முதல் இரண்டு பெட்டிகளின் பணத்தையும், எண்ணெய்ச் செலவையும், இரண்டு முறைக் கூலியையும் திருப்பித் தாருங்கள். ரசீதுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் சிரித்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேசிய நாளும் நேரமும் குறித்துவைத்திருக்கிறேன், உங்களிடம் ஒலிப்பதிவு இருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம். அந்தச் சம்பைச் செய்தித்தாளோடு அங்கேயும் கொண்டுவருவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்சலை ஒட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து நான்கு துண்டுகளையும் எண்ணட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல்கள், கசிவின் படம், மூன்று பெட்டிகளின் படங்கள்