பொம்மைகளின் மீதிக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர் கென்னத் கிளார்க் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இரண்டாம் முறை கொஞ்சம் கோபமாக. வெள்ளை, பழுப்பு என்று நிறத்தில் மட்டும் வேறான நான்கு பொம்மைகளை வைத்துக் குழந்தைகளிடம் சோதனை செய்தார், அதுவும் ஒரு சான்றாக, 1954இல் பிரௌன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றது, சுபம். அப்படித்தான் கட்டுரை முடிகிறது. தீர்ப்பு வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. இறந்தது 2005இல். நடுவில் ஐம்பது வருடம் அந்த மனிதர் என்ன செய்தார்?

அதற்கு முன் ஒரு குறை. கட்டுரையில் மேமி கிளார்க் ஒரே ஒரு வரியில், ‘மனைவியின் உதவியுடன்’ என்று வந்து போகிறார். கறுப்பினச் சிறு குழந்தைகள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியே மேமியுடையது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு அவர் செய்த ஆய்வில் தொடங்கியது அது. இதைக் கென்னத்தே ஒப்புக்கொண்டிருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் கென்னத் (1940), அடுத்தவர் மேமி (1943). மேமிக்கு அங்கே வழிகாட்டி ஹென்றி காரெட். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு அறிவு குறைவு என்று நம்பியவர்! 1952இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வழக்கில் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தார் காரெட். அவருக்குப் பதிலடியாகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? அவருடைய மாணவி மேமிதான். இதை விட்டுவிட்டு எப்படி ஒரு கட்டுரை எழுத முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, பொம்மைக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். சின்னப் பிள்ளையிடம் கேள்வி கேட்பது எத்தனை வில்லங்கம் என்று எனக்குத் தெரியும். “சாப்பிட்டியா?” என்றால்கூட, டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். கிளார்க் தம்பதிக்கும் அது தெரிந்திருக்கிறது. எந்தப் பொம்மையோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது மோசமான பொம்மை என்று முதலில் கேட்டுவிட்டு, “உன்னைப் போல இருக்கிற பொம்மையைக் கொடு” என்பதைக் கடைசியாக வைத்தார்கள். அதை முதலில் கேட்டால், ‘இதுதான் நான்’ என்று சொல்லிவிட்ட குழந்தை அப்புறம் அந்தப் பொம்மையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது என்று முன்னோட்டத்தில் கண்டிருந்தார்கள்.

மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகள். 67 சதவீதம் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். 59 சதவீதம் பழுப்புப் பொம்மையை மோசமானது என்றார்கள். அதே 253 பேரில் 66 சதவீதம் பேர் கடைசிக் கேள்விக்கு அந்தப் பழுப்புப் பொம்மையைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

இவ்வளவும் உங்கள் கட்டுரையில் ஓரளவு வந்திருக்கிறது. வராதது ஒன்று உண்டு. இந்தக் குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் தெற்கே ஆர்கன்சாவில், பிரித்து வைத்த பள்ளிகளில் இருந்தவர்கள். மற்றவர்கள் வடக்கே மாசசூசெட்ஸில் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தவர்கள் தெற்கே 62 சதவீதம், வடக்கே 72. பழுப்பு மோசம் என்றவர்கள் தெற்கே 49, வடக்கே 71. அதாவது கலந்து படித்த இடத்தில்தான் நிலைமை இன்னும் மோசம்! பிரிவினையைக் காக்க, தென் கரோலினாவுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய ஜான் டபிள்யூ. டேவிஸ் இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். தெற்குக் குழந்தை தன் தாழ்வை இயல்பென்று ஏற்று அடங்கிவிட்டது, வடக்குக் குழந்தை இன்னும் அதோடு மல்லுக்கட்டுகிறது என்பது கிளார்க் தரப்பு விளக்கம். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. ஆனால் பிந்தைய கிளார்க்கைப் பார்த்தால், அந்த வடக்குக் கணக்கு அவரையும் விடவில்லை என்றே தோன்றுகிறது.

தீர்ப்பு வந்த அதே 1954இல், நியூயார்க் நகரப் பள்ளிகளிலும் பிரிவினை இருக்கிறது என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். தெற்கைத் திட்டியபோது கைதட்டிய நகரம் அது. 1962இல் அந்நகரின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமின் இளைஞர்களுக்காக ஹார்யூ என்ற அமைப்பைத் தொடங்கி, அங்கே பள்ளிகளைத் துருவிப் பார்த்தார். பிள்ளைகள் வகுப்பு ஏற ஏறப் படிப்பில் இன்னும் பின்தங்கினார்கள். வீட்டுச் சூழல் சரியில்லை, பண்பாட்டுக் குறை என்று கல்வியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அதெல்லாம் சாக்கு, இந்தப் பிள்ளைக்கு வராது என்று ஆசிரியர் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதுதான் காரணம் என்றார் கிளார்க். எங்களைப் போன்றவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும் பேச்சுதான். மேமிக்கு இதற்கு நேரடிச் சான்றே இருந்தது. மேமியின் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி 1946இல் இருவரும் ஹார்லெமில் தொடங்கிய நார்த்சைடு மையத்துக்கு, ‘மந்தபுத்தி’ வகுப்பில் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டி வந்தார்கள். சோதித்தால், அதில் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்கவே வேண்டியதில்லை.

1970இல் தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளுக்கு அவர் ஒரு திட்டம் கொடுத்தார். வாசிப்புக்கே முதலிடம், பிள்ளைகளின் தேர்ச்சியை வைத்து ஆசிரியருக்குச் சம்பளம். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது, திட்டம் நடக்கவில்லை. இதில் நான் சங்கத்தின் பக்கம். சம்பளம் மதிப்பெண்ணில் தொங்கினால் பின்தங்கிய பிள்ளையை எந்த ஆசிரியர் விரும்பி வாங்குவார்? அவருடைய கோபம் நியாயம், மருந்து தப்பு. இதையும் நீங்கள் எழுதியிருந்தால் அவரைச் சிலையாக இல்லாமல் மனிதராகப் பார்த்திருப்போம்.

1966 முதல் 1986 வரை இருபது வருடம் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியத்தில் உட்கார்ந்து, அவர் இதே சண்டையைப் போட்டார். அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து, 2014இல், பள்ளிப் பிரிவினையை ஆராயும் கேரி ஆர்ஃபீல்டின் ஆய்வு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டிலேயே பள்ளிப் பிரிவினை மிகக் கடுமையாக உள்ள மாநிலம் என்று அது சொன்னது தெற்கே எதையும் அல்ல, நியூயார்க்கை.

அடுத்த இதழில் இடமிருந்தால் மேமியின் படத்தையாவது போடுங்கள். போன இதழில் பொம்மையின் படம்தான் அரைப் பக்கத்துக்கு இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி