எந்த வால்வு என்று முதலில் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில், அடுத்த இரண்டு தடவையும் கையில் பென்சிலோடு. இத்தனை வருடம் கழித்து நீ மறுபடியும் ஒரு பீர் பாட்டிலிங் லைனில் நிற்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சேதி. அதுவும் பாட்டிலில் பீரை நிரப்பும் 24 வால்வு உள்ள பழைய சுழல் ஃபில்லர், அதை ஒட்டி மூடி போடும் நாலு தலை கிரவுனர். நாம் இருவரும் தொழில் பழகியதும் ஏறக்குறைய அதே மாதிரி மெஷினில்தானே.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு இடது முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஏணி ஏறுகிற வேலையை இளையவர்களிடம் விட்டுவிட்டேன். மூத்தவள் ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் ஃபோனில் ஒரு பம்ப் சீலைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினோம். ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் மனசு நிறைந்திருந்தது.

சரி, உன் மெஷினுக்கு வருகிறேன். நுரை தள்ளுகிறது, லெவல் ஏறியும் இறங்கியும் வருகிறது, சில மூடிகள் கசிகின்றன, மூன்று வால்வைப் பிரித்துப் பார்த்தாயிற்று, மீதியையும் பிரிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து ஸ்பேனரைக் கீழே வை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஒரே ஒரு வேலை செய். மெஷின் ஓடும் வழக்கமான வேகத்திலேயே ஒரு சுற்றில் வெளிவரும் 24 பாட்டிலையும் வரிசை மாறாமல் எடு. எது எந்த வால்வில் நிரம்பியதோ அந்த நம்பரை பாட்டில் மேலேயே எழுதி மேசையில் நிறுத்து. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. மூன்று சுற்று போதும். மூன்றிலும் அதே நம்பர் குறையாக வந்தால் கோளாறு அந்த வால்வில் இருக்கிறது. 24-ம் சேர்ந்து ஆடினால் எந்த வால்வையும் தொடாதே, கோளாறு பீரிலோ கேஸிலோ வேகத்திலோ இருக்கிறது. எந்த நம்பருக்கும் கட்டுப்படாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் பாட்டிலைப் பார். கழுவும் மெஷினிலிருந்து சூடு ஆறாமல் வருகிறதா, உள்ளே அழுக்கோ கீறலோ இருக்கிறதா, வாய் உடைந்திருக்கிறதா என்று.

இதை நான் கற்றுக்கொண்ட இரவு உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது வேறு ஷிஃப்ட். நுரை தாங்கவில்லை என்று நானும் இன்னொருவரும் விடிய விடிய அத்தனை வால்விலும் ரப்பர் மாற்றினோம். காலையில் மெஷினை ஓட்டினால் அதே நுரை. பெரியவர் வந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து உள்ளே தெர்மாமீட்டரை விட்டார். 9 டிகிரி காட்டியது. 2 டிகிரியில் வர வேண்டிய பீர். குளிர்நீர் வால்வு ஒன்று பாதி மூடிக் கிடந்திருக்கிறது. அன்று கழற்றிப் போட்ட ரப்பர்களில் முக்கால்வாசி நல்ல ரப்பர்.

பீரைப் பொறுத்தவரை வெப்பம்தான் முதல் கணக்கு. ஒரு லிட்டரில் சுமார் 5 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும் பீரை எடுத்துக்கொள். 2 டிகிரியில் அந்தக் கேஸைக் கரைந்தபடியே வைத்திருக்க 0.7 பார் பிரஷர் போதும். 10 டிகிரிக்கு ஏறினால் 1.2 பார் வேண்டும். ஃபில்லர் தொட்டியின் பிரஷர் அதைவிடத் தாராளமாக மேலே நிற்க வேண்டும், முக்கியமாக ஆடாமல் நிற்க வேண்டும். முள் ஆடுகிறதா என்று பத்து நிமிடம் கேஜின் முன்னால் நின்று பார். பீர் பம்ப் விட்டுவிட்டு ஓடி, தொட்டியில் மட்டம் ஏறி இறங்கினாலும் பிரஷர் ஆடும். அது ஆடினால் 24 பாட்டிலும் ஆடும்.

ஒரு வால்வு மட்டும் கெட்டிருந்தால் பாட்டிலின் பயணத்தை மனதில் ஓட்டிப் பார். லிஃப்ட் தூக்கியதும் பாட்டிலின் வாய், அதை இறுக்கி மூடும் மணி ரப்பரில் பதிகிறது. வேக்கம் உள்ளிருக்கும் காற்றை இழுக்கிறது, கேஸ் உள்ளே வருகிறது, மறுபடி வேக்கம், மறுபடி கேஸ். பாட்டிலின் பிரஷரும் தொட்டியின் பிரஷரும் சமமானதும் ஸ்பிரிங் பீர் வழியைத் திறக்கிறது. பீர் கண்ணாடிச் சுவரை ஒட்டி வழுக்கி இறங்குகிறது. உள்ளே இருந்த கேஸ் நடுக்குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. பீர் அந்தக் குழாயின் நுனியை மூடியதும் கேஸ் வெளியேற வழியில்லை, நிரம்புவது தானாகவே நின்றுவிடுகிறது. வால்வு மூடி, மேலே மிஞ்சிய பிரஷரை ஒரு சிறு துளை மெல்ல வெளியே விட்ட பிறகுதான் பாட்டில் கீழே இறங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் இந்த ஏற்பாடு எனக்கு அலுக்கவில்லை.

இதில் எந்தக் கட்டம் கெட்டாலும் பாட்டில் சொல்லிவிடும். லெவல் கூடுதலாக வந்தால் மணி ரப்பரைப் பார். கழுத்தில் மிஞ்சிய கேஸ் அதன் வழியாகக் கசிந்தால் பீர் குழாய் நுனியைத் தாண்டி மேலே ஏறும். பாட்டில் காலியாகவே வந்தால் பிரஷர் சமமாகவில்லை, அதனால் ஸ்பிரிங் திறக்கவில்லை. வாய் உடைந்த பாட்டிலிலும் இதுதான் நடக்கும், அது நல்லதுக்குத்தான். லெவல் குறைந்து வந்தால் நடுக்குழாய் அடைத்திருக்கலாம். நிரம்பும்போது சரியாக இருந்து, இறங்கிய நொடியில் பொங்கினால் பிரஷரை விடும் அந்தச் சிறு துளையை ஊதிப் பார்.

உன் 17-ஆம் வால்வில் பாட்டில் நிரம்பும்போதே உள்ளே வெள்ளையாகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதில் எனக்குச் சந்தேகம் நடுக்குழாயில் மாட்டியிருக்கும் குடை ரப்பர்மீதுதான். பீரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவது அதுதான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓரத்தை மெல்ல மடக்கு. மடக்காமல் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். மடக்கினால் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கிழிசல் வாய் திறக்கும், நகத்தின் வெள்ளை அளவுதான் இருக்கும். அந்த இடத்தில் பீர் சுவரைத் தொடாமல் நேரே அடியில் விழுகிறது. விழுந்த இடத்திலிருந்து நுரை கிளம்புகிறது. கிழியாவிட்டாலும் அரை விரல் அளவுக்கு மேலே நழுவியிருந்தால் அதே கதைதான். குழாய் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நுரை அதிகமாக இருப்பதால் கிரவுனருக்கு முன்னால் இருக்கும் வெந்நீர் ஜெட்டை மூடி வைத்திருக்கிறார்கள் என்று. அதைப் படித்ததும் எனக்குப் பதறியது. அந்த ஜெட் வேண்டாத பாகமே இல்லை. முடி மாதிரி மெல்லிய நீர்த்தாரை திறந்த பாட்டிலுக்குள் விழுந்து, வேண்டுமென்றே ஒரு நுரையைக் கிளப்புகிறது. அந்த நுரை கழுத்தில் ஏறி, அங்கே இருக்கும் காற்றை வெளியே தள்ளி, வாயில் வந்து நிற்கும் அதே நொடியில் மூடி விழ வேண்டும். ஜெட்டை மூடினால் கழுத்தில் காற்று தங்கிவிடும். பாட்டில் பார்க்க அழகாக, நுரை வழியாமல், லெவல் சரியாக வெளியே போகும். சில வாரம் கழித்துத் திறக்கிறவர்களுக்கு ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். அந்தப் பீரைக் காய்ச்சியவர் மாதக்கணக்கில் உழைத்ததை ஆக்சிஜன் தின்றுவிடும். நல்ல லைன்களில் பாட்டிலுக்குள் மொத்த ஆக்சிஜன் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். அவ்வளவு கொஞ்சம் போதும் சுவையைக் கெடுக்க.

அதனால் முதலில் தேவையில்லாத நுரையை நிறுத்து, பிறகு தேவையான நுரையைத் திருப்பிக் கொண்டு வா. ஜெட்டின் வாய் அடைத்திருக்கும், வருடக்கணக்கில் கழற்றியிருக்க மாட்டார்கள். சுத்தம் செய்து, தாரை பாட்டில் வாயின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நுரை வாயைத் தொட்டு, சின்னத் தொப்பி மாதிரி நிற்கும்போது மூடி விழட்டும். பொங்கி வழிந்தால் பீர் வீண், தொடாமல் நின்றால் காற்று உள்ளே. லைனின் வேகத்தை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்.

வேக்கம் பம்ப்பையும் இதோடு சேர்த்துப் பார். ஒரு தடவை 90 சதவீதம் காற்றை எடுத்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். நடுவில் கேஸ் விட்டு இன்னொரு தடவை எடுத்தால் நூற்றில் ஒரு பங்கு. உன்னுடையது நீர் வளைய பம்ப்பாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் தண்ணீர் சூடாக இருந்தால் வேக்கம் விழுந்துவிடும். கையால் தொட்டாலே தெரியும்.

மூடி கசிவது தனிக் கதை. கிரவுனர் நாலு தலை என்பதால் அதே நம்பர் வேலையை நாலு நாலாகச் செய். மூடியை அளக்கும் வளையக் கேஜ் வைத்திருக்கிறார்களா? நெரித்த மூடியின் வெளி விட்டம் 28.6-லிருந்து 28.8 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். தளர்ந்தால் கேஸ் போகும், அதிகம் நெரித்தால் பாட்டிலின் உதடு சில்லாகப் பெயரும். சில்லு பீருக்குள் விழும் என்பதால் இரண்டாவதுதான் எனக்குப் பயம். வில்லியம் பெயின்ட்டர் 1892-ல் இந்த மூடிக்குக் காப்புரிமை வாங்கியபோது 24 பற்கள் இருந்தன, இப்போது 21. அந்த 21 பல்லும் ஒரே மாதிரி மடிந்திருக்கிறதா என்று சுற்றிப் பார். ஒரு பக்கம் மட்டும் மடியாமல் நின்றால் பாட்டில் நடுவில் நிற்கவில்லை, பாட்டிலைப் பிடித்து நகர்த்தும் நட்சத்திரச் சக்கரமோ அடித்தட்டோ தேய்ந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் தளர்வாக இருந்தால் நெரிக்கும் வளையம் தேய்ந்திருக்கிறது, அல்லது தலையின் உயரம் அந்தப் பாட்டிலுக்குச் சரியில்லை.

கழுவுவதைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கழுவக் காஸ்டிக் சோடா விடுவதற்கு முன்னால் தொட்டியில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை முழுவதும் வெளியேற்றச் சொல். காஸ்டிக் அந்தக் கேஸை உறிஞ்சிச் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். காஸ்டிக்கின் வீரியமும் போகும், மூடிய தொட்டிக்குள் வேக்கமும் உண்டாகும். ஒரு தொட்டி அப்படி உள்ளே நசுங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரிய சத்தம்கூட இல்லை, ஒரு முனகல், அவ்வளவுதான். கால்சியம் ஆக்சலேட் காறைக்கு காஸ்டிக் போதாது, இடையிடையே அமிலக் கழுவல் வேண்டும். ஃபில்லரின் வெளிப்புறத்தையும் கிரவுனரின் அடியையும் மறக்க வேண்டாம். வழவழவென்று ஒரு படலம் கைக்குத் தட்டுப்பட்டால் அங்கே கிருமி குடியிருக்கிறது. பாஸ்ச்சரைஸ் செய்யாத பீரில் ஆக்சிஜனைக் குறைக்கக் குறைக்க, காற்றில்லாமல் வாழும் பெக்டினேட்டஸ் மாதிரியான கிருமிகளுக்குத்தான் வசதி. நாம் பீருக்குச் செய்கிற நல்லது அவற்றுக்கும் நல்லதாகப் போய்விடுகிறது.

பாட்டில் வெடித்தால் கண்ணாடியை எடுத்ததோடு நிறுத்தாதே. அந்த வால்வையும் இரு பக்கமும் உள்ள வால்வுகளையும் கழுவி, அடுத்த சில சுற்றில் அவற்றில் நிரம்பும் பாட்டில்களை ஒதுக்கிவிடு. மெஷினுக்குள் கை விடும்போது மின்சாரம், காற்று, பிரஷர் மூன்றையும் நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை உன் பையிலேயே வைத்துக்கொள். தொட்டியின் அடிப் பள்ளத்தில் குனியும் முன் கேஸ் மீட்டரைக் கீழே இறக்கிப் பார். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில்தான் தேங்கும்.

முதலாளிகள் சின்னப் பிள்ளைகள், சொன்னால் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஜெட் விஷயத்தை முதலில் அவர்களிடம் பேசு.

மூன்று சுற்றுக் கணக்கை எடுத்ததும் அப்படியே நம்பரோடு எழுதி அனுப்பு. பீரின் வெப்பத்தையும் கேஜ் பிரஷரையும் பக்கத்தில் குறித்துவிடு. 17-ஆம் வால்வின் ரப்பரைத் தூக்கிப் போடாதே, ஒரு உறையில் வைத்து அதையும் சேர்த்து அனுப்பு. பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ஷிஃப்ட் நண்பன்