கொடிவேரி: குளிப்பவர் கண்ணில் படும்படி அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நாள்களில் கோபிசெட்டிபாளையம் அருகிலுள்ள கொடிவேரியில் கூட்டம் நெரிகிறது. குளிக்க வருபவர்களுக்கு அது அருவி. உண்மையில் அது பவானியாற்றின் குறுக்கே 496 அடி நீளத்துக்குக் கட்டப்பட்ட பாசன அணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வழியே 24,504 ஏக்கர் நஞ்சை அதை நம்பி இருக்கிறது. 1125-இல் கொங்காள்வான் என்ற மன்னர் கட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கற்களை இரும்புக் கம்பியால் பிணைத்து ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பதாகவும் சொல்வார்கள்.

இந்த அணையின் மேல் ஷட்டர் கிடையாது. வருகிற தண்ணீர் வாய்க்கால்களுக்குப் போனது போக, அப்படியே மேலே வழிந்து விழும். எனவே எவ்வளவு தண்ணீர் வழிகிறது என்பதே குளிப்பவரின் உயிர்ப் பிரச்சினை. 496 அடிக்கும் சமமாகப் பரவுவதாக வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், விநாடிக்கு 1,000 கன அடி வழியும்போது அணையின் தலையில் 9 அங்குலம் தண்ணீர் நிற்கும். 5,000 கன அடிக்கு அதுவே இரண்டடியைத் தாண்டும். சுமார் 15 அடி கீழே விழுந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே ஓர் ஆளின் கால்களை ஏறக்குறைய 30 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். பாசி படிந்த கல்லின் மேல் அதை எதிர்த்து நிற்க யாராலும் முடியாது.

நீச்சல் தெரிந்தவர்கள் ஏமாறுவது அணையின் அடிவாரத்தில்தான். கீழே நீர்மட்டம் உயர்ந்துவிட்டால், விழும் தண்ணீர் அடியில் பாய்ந்து சற்றுத் தள்ளி மேலெழும். மேல்மட்டத் தண்ணீரோ திரும்ப அணையை நோக்கியே உருளும். அகப்பட்டவரை வெளியே விடாமல் சுற்றிச்சுற்றி உள்ளே இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் உடம்பும் சரியாக மிதக்காது. காப்பாற்றக் குதிப்பவரும் அதே உருளலில் மாட்டுவார். கரையிலிருந்து கயிறு கட்டிய டியூபை எறிவதே வழி. அந்தக் கயிறும் டியூபும் அறைக்குள் பூட்டிக் கிடக்காமல், குளிக்கும் இடத்தில் 50 அடிக்கு ஒன்றாகத் தொங்க வேண்டும்.

வெள்ளக் காலத்தில் குளிக்க விதிக்கும் தடையை, வெள்ளம் வடிந்த மறுநாளே நீக்கச் சொல்லிக் கேட்பதும் தவறு. ஒவ்வொரு வெள்ளமும் அணைக்குக் கீழே படுகையை வேறு விதமாகத் தோண்டிவிட்டுப் போகும். போன வாரம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வாரம் ஆள் மூழ்கும் மடுவாக இருக்கலாம். அடிக்கணக்கு குறித்த மூங்கிலை ஊன்றி, பத்தடிக்கு ஓர் இடமாக ஆழம் பார்த்து, மடு உள்ள பக்கம் கயிறு கட்டிய பிறகே ஆட்களை இறக்க வேண்டும்.

எங்கள் முதன்மையான கோரிக்கை மிக எளிது. குளிக்கும் படியை ஒட்டிய கல்லில் மூன்று வண்ணங்களில் அளவுகோல் எழுதுங்கள். கணுக்கால் வரை பச்சை. அதற்கு மேல் மஞ்சள். அப்போது குழந்தைகள் வெளியேற வேண்டும். முழங்கால் தொட்டால் சிவப்பு. எல்லோரும் வெளியேற வேண்டும். ஆற்றின் மேற்பக்கம் உள்ள பவானிசாகர் அணையில் ஆற்றுக்குத் தண்ணீர் கூட்டித் திறக்கும்போதே கொடிவேரியில் விசில் ஊத வேண்டும், தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு அல்ல. இரண்டுக்கும் இடையில் சேரும் ஓடைகளின் தண்ணீரைப் பவானிசாகர் அறிவிப்பு காட்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாகி, சுள்ளியும் சருகும் வரத் தொடங்கினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் கரையேறிவிட வேண்டும்.

அணைக்கு மேற்புறம் ஓடும் பரிசலுக்கு, படகுக்கு இருப்பதுபோல் நேராகப் போக உதவும் அடிக்கட்டை கிடையாது. இழுவையில் அது நேராக நிற்காது, சுழலும். அணைக்கு மேற்புறம் 50 மீட்டருக்கு முன்பே மிதவைக் கயிறு கட்டி, அதைத் தாண்டிப் பரிசல் வரக்கூடாது என்று வைக்க வேண்டும்.

இனி அணையைப் பற்றி. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும்தான் பொருந்தும். இத்தகைய சிற்றணைகள் அதற்குள் வருவதில்லை. ஆனால் 15 அடி ஆழத் தண்ணீர், அணையின் ஒவ்வோர் அடி நீளத்தையும் 3 டன்னுக்கு மேல் தள்ளுகிறது. மேற்புறம் படியும் வண்டல் அந்தச் சுமையைக் கூட்டும். கல்லின் எடைதான் அதைத் தாங்குகிறது. சந்துகளில் சுண்ணாம்பு கரைந்து, தண்ணீர் உள்ளே புகுந்து அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தினால் அந்த எடையின் பலன் குறையும்.

சந்துகளைச் சிமென்ட் பூசி மூடுவது கண்ணுக்கு அழகு, கட்டுமானத்துக்குக் கேடு. சிமென்ட் இறுகி விறைக்கும். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப லேசாக அசையும். ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, உள்ளே போன நீர் வெளியேற முடியாமல் பின்னாலுள்ள காரையைத் தின்னும். சந்தை அதன் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, கழுவி, ஈரமாக்கி, சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்த காரையைத் திணிப்பதே முறை. வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இறுகாது. செங்கல் தூள்தான் அதை இறுக வைக்கும். அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால், இரு போகத்துக்கு நடுவே வாய்க்கால் அடைக்கும் முதல் நாளே, ஆற்றில் நீர் குறைந்திருந்தால், வேலையைத் தொடங்க வேண்டும்.

சந்துகளில் முளைக்கும் அரசு, ஆல், அத்திக் கன்றுகளை விரல் பருமனுக்குள் பிடுங்கிவிட வேண்டும். தடித்ததைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து அசையும். அதைக் கல்லோடு ஒட்ட வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க நறுக்கி, வேர் செத்த பிறகு அந்தப் பொந்தைக் காரையால் அடைக்க வேண்டும். சுற்றுலாக் கட்டண வருவாயில் ஒரு பங்கை இந்தப் பராமரிப்புக்கென்றே தனியாக ஒதுக்கி, ஒவ்வோர் அடைப்புக் காலத்திலும் எந்தச் சந்து அடைக்கப்பட்டது, எந்த மடு எத்தனை அடி என்பதை நுழைவாயில் பலகையில் எழுதிவைக்குமாறு நீர்வளத்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாசனப் பொறியாளர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்