சித்தப்பாவுக்கு, அவிஞ்ஞோனிலிருந்து

அன்புள்ள சித்தப்பா,

நலம். இந்த வாரம் முழுக்க மிஸ்த்ரால் அடிக்கிறது. வடக்கே இருந்து பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் குளிர்காற்று. எதிரே சைக்கிள் மிதித்தால் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது. ஊரே திட்டுகிறது, திராட்சைக்காரர்களைத் தவிர. மழை பெய்த பிறகு கொடிகளைச் சட்டென்று உலர்த்திவிடுவதால் பூஞ்சை நோய் குறைகிறதாம்.

அங்கே ஒயின் குடிக்கிறாயா என்று நேராகவே கேட்டிருந்தீர்கள். குடிக்கிறேன். ஞாயிறு இரவில் ஒரு கிளாஸ். சூப்பர் மார்க்கெட்டில் 6 யூரோவுக்குக் கிடைக்கும் கோத் து ரோன், அதாவது இந்த ரோன் பள்ளத்தாக்குச் சிவப்பு ஒயின். நம் கணக்கில் 600 ரூபாய் பக்கம் வரும்.

இது ஒரே வகைத் திராட்சையில் செய்தது இல்லை. நீங்கள் கடையில் காப்பிக்கொட்டையில் பீபெரியையும் பிளான்டேஷனையும் அளவு பார்த்துச் சேர்ப்பீர்களே, அந்த வேலைதான். கிரெனாஷ் என்கிற திராட்சை வெயிலில் நன்றாகப் பழுத்து இனிப்பு ஏறும். அதனால் ஆல்கஹாலும் ஏறி 14 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். ஆனால் நிறம் கொஞ்சம் வெளுப்பு. கருஞ்சிவப்பும் மிளகு வாசனையும் சிரா என்கிற வகை தருவது. மூர்வெத்ர் தாமதமாகப் பழுக்கிற வகை. துவர்ப்பும் திடமும் அதன் பங்கு. ஒரு வருஷம் ஒன்று சரியாக விளையாவிட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும். கலப்பு என்றாலே மட்டம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பக்கத்தில் இருக்கும் ஷாதோநெஃப்-து-பாப் ஒயினுக்குப் பதின்மூன்று வகைத் திராட்சை வரை சட்டமே அனுமதிக்கிறது. அதன் விலையைக் கேட்டால் அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். (அந்த ஊர் மேயர் 1954-இல் பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று உத்தரவே போட்டார். நிஜம்தான்.)

சரி, ருசிக்கு வருகிறேன். கீழ்வீட்டு அம்மாள் சொன்னபடி புட்டியைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்கலாம் என்பது ஹீட்டர் வராத காலத்துப் பேச்சாம். 16, 17 டிகிரிதான் கணக்கு, அதற்கு மேல் போனால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும் என்கிறார். முதல் வாயில் ஸ்ட்ராபெர்ரி மாதிரிப் பழ மணம், அப்புறம் மிளகு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. இனிப்பு இல்லை. நீங்கள் எதிர்பார்ப்பது அதுவாக இருந்தால் முகம் சுளிப்பீர்கள். விழுங்கியதும் ருசி சீக்கிரம் மறைந்துவிடுகிறது. விலை உயர்ந்ததற்கும் இதற்கும் நான் கண்ட வித்தியாசம் அங்கேதான். ஆனால் வாரக் கடைசிச் சாப்பாட்டுக்கு அதற்கு மேல் கேட்பது பேராசை.

வத்தக்குழம்போடு சேரவே இல்லை. காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து தொண்டையை எரிக்கின்றன. மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு பிரமாதம்.

டிசம்பரில் வரும்போது 2 புட்டி கொண்டுவருகிறேன். ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன சொல்வது என்பதை மட்டும் நீங்கள் இப்போதே யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
குமார்