டெங்குக் காய்ச்சலுக்கான கிளெய்மை என் மகனின் மூளை முடக்குவாதத்தைக் காரணம் காட்டி மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: பாலிசிதாரரின் தாயார், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள், உடல்நலக் காப்பீட்டு நிறுவனம், தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இலவச எண்ணுக்கு நான் எத்தனை தடவை பேசினேன் என்பது உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுப்பார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார். "உங்க கம்ப்ளெயிண்டைப் பதிவு பண்ணிட்டோம் மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்று வைத்துவிடுவார். யாரும் கூப்பிட்டதில்லை. வாய்ப்பேச்சு போதும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். பதிலையும் எழுத்தில் கொடுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம் வந்தது. கால் இரண்டும் விறைத்து இறுகியிருக்கும். பிடிக்காமல் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான். பேச வராது, ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். 80 சதவீதம் என்று போட்ட, நீலப் பட்டை உள்ள யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வைத்திருக்கிறான். இதில் எதையும் உங்களிடம் மறைக்கவில்லை. விண்ணப்பத்திலேயே எழுதி, அட்டையின் நகலையும் சேர்த்துத்தான் கொடுத்தோம். மறைக்க என்ன இருக்கிறது? நாங்கள் எடுத்ததே மாற்றுத்திறனாளிகளுக்கென்று நீங்கள் தனியாக விற்கும் பாலிசி.

அந்தப் பாலிசி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2023 பிப்ரவரியில் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன்னால் சேலத்தில் நாங்கள் ஏறி இறங்காத இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இல்லை. குழந்தையைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். அதனால் உங்கள் பாலிசி கிடைத்த அன்று வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. 4 லட்ச ரூபாய் கவரேஜ், பில்லில் 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். சரி என்றோம். பிரீமியம் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

கடந்த ஐப்பசியில் மகனின் தெரபிக்காகக் கன்னங்குறிச்சியில் என் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கேதான் காய்ச்சல் பிடித்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ரத்தத் தட்டணு, அதாவது பிளேட்லெட் மளமளவென்று இறங்கி 32,000க்கு வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த மருத்துவமனையில் சேர்த்தோம். ஐசியூவில் வைத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பிள்ளை தேறிவிட்டான். பில் 67,400 ரூபாய்.

நீங்களே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஐஆர்டிஏஐ உங்களுக்குக் கெடு வைத்திருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். கையில் இருந்த ஊசியைக்கூட எடுத்துவிட்டார்கள். இருட்டும் வரை இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கும் வார்டுக்கும் நான் நடந்தேன். உங்களிடமிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறான், யார் சர்டிபிகேட் கொடுத்தது, நடப்பானா, பேசுவானா? டெங்குவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கடைசியில் கேஷ்லெஸ் கிடையாது, பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணுங்கள் என்றார்கள். என் அண்ணி கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அது இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

பிறகு எல்லாக் காகிதமும் கொடுத்துக் கிளெய்ம் போட்டோம். உங்கள் பதில் இரண்டே வரிதான். "ஏற்கெனவே உள்ள நோயின் தொடர்ச்சியாக ஏற்பட்ட சிகிச்சை. காத்திருப்புக் காலம் முடியாததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது." காத்திருப்புக் காலம் என்றால், பாலிசி எடுத்த பிறகு ஏற்கெனவே உள்ள நோய்க்கு நீங்கள் பணம் தராத காலம்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் 'செரிப்ரல் பால்சி உள்ள ஏழு வயதுக் குழந்தை' என்று இருக்கிறது. எந்த டாக்டரும் பழைய விவரத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் இப்போதைய நோய்க்கு வருவார். இரண்டாவது வரியில் டெங்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே முழுப் பக்கமும் பிளேட்லெட் கணக்குத்தான். உங்கள் ஆட்கள் முதல் வரியோடு காகிதத்தை மூடிவிட்டார்கள். அதே வார்டில் பக்கத்து பெட்டில் இருந்த குழந்தைக்கும் டெங்குதான், அதே குளுக்கோஸ்தான் ஏறியது. அந்தக் குழந்தைக்குக் கை கால் நன்றாக இருந்தது. அவர்களுக்கு வேறொரு நிறுவனத்தின் பாலிசி, மாலைக்குள் பணம் கட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏடிஸ் கொசு யுடிஐடி அட்டையைப் பார்த்துவிட்டுக் கடிப்பதில்லை.

இப்போது உங்கள் சேலம் கிளைக்கு வருகிறேன். எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்வது அங்கே நடந்ததுதான்.

நேரில் வந்தால்தான் முடியும், பாலிசியில் பேர் இருக்கும் ஆளையும் கூட்டி வர வேண்டும் என்று போனில் சொன்னதால் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். என் கணவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அப்போது பழம் பறிக்கும் நேரம், லீவு கிடைக்கவில்லை. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது அவன் உடம்பு விறைத்துக்கொள்ளும். காலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் என் தொடையில் குத்தும். பாதி வழியிலேயே வாந்தி. அஸ்தம்பட்டியில் இறங்கி அவனுக்குச் சட்டை மாற்றிவிட்டு ஆட்டோ பிடித்தேன். உங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பாலிசி விற்கும் ஆபீஸ் இது. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் பிள்ளையைத் தூக்கினேன். உங்கள் நிறுவனத்தில் எங்களை மனுஷராக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

மேலே கிளெய்ம் கவுண்டரில் இருந்தவர் பாலிசி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு பாலிசி நம்மகிட்ட இருக்குதா?" என்று பக்கத்து சீட்டில் கேட்டார். உங்கள் முத்திரை போட்ட பேப்பர் அவர் கையில் இருக்கிறது! அப்புறம், "இந்த அட்டை பழசும்மா, பையன் இன்னும் ஊனமாத்தான் இருக்கான்னு புதுசா ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். நிரந்தரம் என்று போட்டிருக்கும் அட்டை அது. நான் எடுத்துச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, என் மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, இந்த மாதிரிப் புள்ளைக்கெல்லாம் எதுக்கும்மா இன்ஷூரன்ஸ்? அரசாங்கந்தான் எல்லாம் தருதே."

என் மகனுக்கு எல்லாம் புரியும் என்று முதலிலேயே எழுதினேன். அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான்.

அரசாங்கம் தருகிறது என்றால் என்ன தருகிறது என்று அவரிடமும் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அதற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். சேலம் அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே தெரபி கொடுக்கும் தங்கச்சிமார்கள் என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மத்திய அரசின் நிராமயா என்ற உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை அதில் கிடைக்கும். மருந்து, தெரபி, பரிசோதனை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஒரு லட்சத்துக்குள்தான், ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு வேறு. முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் கணவரின் சம்பளம் அதைத் தாண்டிவிட்டது. எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தானே உங்கள் பாலிசி? நாளைக்கு அவனுக்கு இடுப்பு மூட்டு விலகாமல் பார்க்க வேண்டும், இறுகிய தசைநாருக்கு ஆபரேஷன் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டெங்குவுக்கே இப்படி அலைய விட்டவர்கள் அதற்கு என்ன செய்வீர்கள்? அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பணம் மட்டும் போகவில்லை. தெரபி நின்றுபோனது. அதில் கால் மறுபடி இறுகி, ஆறு மாதம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் போய்விட்டது. என் கணவருக்கு எஸ்டேட்டில் பேர் கெட்டது. எங்கள் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். இந்தப் பணம் உங்களுக்கு ஒரு நாள் டீச் செலவு. எங்களுக்கு அது வாழ்க்கை.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. நீங்கள் கிளெய்மை மறுபடி எடுத்து, டாக்டர் எழுதியதை முழுதாகப் படித்துப் பார்த்தால் போதும், தப்பு உங்களுக்கே தெரியும். 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதி 53,920 ரூபாயைத் தாருங்கள். தாமதத்துக்கு வங்கி வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி, அதையும் சேர்த்துத் தாருங்கள். அந்தக் கவுண்டர் ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விடப் போவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, அந்தச் சட்டம் உங்கள் கவுண்டருக்கும் பொருந்தும். கிளையைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், அதுவரை எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புங்கள்.

புகாருக்கு 14 நாளில் தீர்வு சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கு இருக்கும் கெடு. அது தாண்டினால் 155255க்கு அழைத்து ஐஆர்டிஏஐயில் பதிவு செய்வேன். 30 நாள் ஆனால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுக் குறைகளை விசாரிக்கும் அதிகாரிக்கு மனு போகும். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம் என்று விசாரித்துவிட்டேன். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று போய்க்கொண்டே இருப்பேன். தெரபி மையத்துக்கு வரும் மற்ற பெற்றோரிடமும் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறேன். உங்கள் பாலிசியை எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பாலிசி நகல், யுடிஐடி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், உங்கள் மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது. மறுபடியும் அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வர மாட்டேன். வேறு காகிதம் ஏதும் வேண்டுமென்றால் என்ன, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் தாயார்,
ஏற்காடு.